காலையில் தேறிய சோலார்-பேட்டரி அமைப்பு மதியம் ஏன் விழுகிறது?

தோப்புக்காரன்:
பொள்ளாச்சிப் பக்கம் சிறிய எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறேன். கூரையில் 10 கிலோவாட் சோலார், மூன்று பேஸ் 15 கேவிஏ பேட்டரி இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி. பொருத்தியவர்கள் காலை எட்டு மணிக்கு மெயினை அணைத்துக் காட்டினார்கள். விளக்கு சிமிட்டக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மதியம் மின்தடை வந்தால் சோலார் விலகுகிறது, சில நிமிடத்தில் வருகிறது, மறுபடி விலகுகிறது. 5 குதிரைத்திறன் செக்கு மோட்டாரைப் போட்டால் எல்லாமே நின்றுவிடுகிறது.

பழையமீட்டர்:
காலை எட்டு மணிச் சோதனை, மாப்பிள்ளையைக் கல்யாணத்தன்று பார்த்துக் குணம் சொல்வது மாதிரி. அப்போது வெயில் குறைவு, பேட்டரியிலும் இடம் இருந்திருக்கும். நடுப்பகலில் பேட்டரி நிறைந்து, செக்கும் ஓடாவிட்டால் மின்சாரம் எங்கே போகும்? மின்வாரியக் கம்பி இருந்தால் வாங்கிக்கொள்ளும். தனித்து நிற்கும்போது பேட்டரி இன்வெர்ட்டர் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றும். சோலார் இன்வெர்ட்டர் அதைப் பார்த்து உற்பத்தியைக் குறைக்க வேண்டும். உங்கள் சோலார் இன்வெர்ட்டர் வாரியக் கம்பிக்கான செட்டிங்கிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு அதிர்வெண் ஏறினாலே கோளாறு, விலகிவிடும்.

மோட்டார் கதை வேறு. ஓடும்போது 7, 8 ஆம்பியர். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது ஏறக்குறைய ஆறு மடங்கு. உங்கள் இன்வெர்ட்டருக்கோ பேஸுக்கு 21 ஆம்பியர்தான் கணக்கு. ஸ்டார்-டெல்டா (மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் கிளப்பி, பிறகு முழுதாகக் கொடுக்கும் ஸ்டார்ட்டர்) போட்டால் கிளம்பும் ஆம்பியர் மூன்றில் ஒன்றாகும். இழுவையும் மூன்றில் ஒன்றாகும் என்பதால் கொப்பரை போடாமல் கிளப்புங்கள்.

மெயினை அணைக்க வேண்டியது பேட்டரி நிறைந்த உச்சி வெயிலில், ஒரு ஃபேன் மட்டும் ஓடும்போது. பிறகு பளு திடீரென ஏறி இறங்கினால் தாங்குகிறதா என்று பார்க்க, இரண்டு கெய்சரை ஒரே நேரத்தில் போட்டு, ஒரே நேரத்தில் அணையுங்கள். இரவில் பேட்டரி கால்வாசி இருக்கும்போது மோட்டாரைக் கிளப்புங்கள்.

கம்பிவேலி:
கரண்ட் திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கோழிப்பண்ணையில் போவதில் குறையே இல்லை. இணைகிற நொடியில்தான் தகராறு.

தோப்புக்காரன்:
சோலார் இன்வெர்ட்டரின் செட்டிங்கை மாற்றியாயிற்று. நேற்று மதியம் மெயினை அணைத்தோம். அதிர்வெண் 51.8 வரை ஏறி நின்றது, சோலார் 8 கிலோவாட்டிலிருந்து 1-க்கு இறங்கியது, விலகவில்லை. ஸ்டார்-டெல்டாவுக்கு ஞாயிறு ஆள் வருகிறார். பொருத்தியவர்களை உச்சி வெயிலுக்கு வரவைப்பதுதான் பெரும்பாடு, சாப்பாட்டு நேரமாம். தோப்பிலேயே இலை போட்டுவிட்டேன்.