போட்டோஷாப்பில் பி கீயைத் தட்டினால் பிரஷ், கையை எடுத்தால் பழைய டூல்?

சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வேலை பார்க்கிறேன். போட்டோஷாப்பில் குளோன் ஸ்டாம்பில் (படத்தின் ஒரு பகுதியை இன்னொரு இடத்தில் நகலெடுத்துப் பூசும் டூல்) இருக்கும்போது பி தட்டினால் பிரஷ் வருகிறது, சரி, ஆனால் சில நேரம் கையை எடுத்ததும் மறுபடி ஸ்டாம்புக்கே போய்விடுகிறது. கீபோர்டு போச்சா அண்ணா?

பதில் 1: கீபோர்டுக்கு ஒன்றுமில்லை தம்பி. போட்டோஷாப்பின் சிஎஸ்4 பதிப்பில் வந்த வசதி அது: தட்டிவிட்டால் டூல் மாறிவிடும், அழுத்திப் பிடித்தபடியே வரைந்துவிட்டுக் கையை எடுத்தால் பழையதற்கே திரும்பும். நான் பிரஷ்ஷில் இருக்கும்போது கொஞ்சம் அழிக்க ஈ-யைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

பதில் 2: நீங்கள் ரொம்ப நிதானமாகத் தட்டுகிறீர்கள் போல!

கேட்டவர்: அப்புறம், ஜே-வை எத்தனை முறை தட்டினாலும் பேட்ச் டூல் (கறை, தழும்பை மறைக்கும் டூல்) வரமாட்டேன் என்கிறதே?

பதில் 1: ஜே ஒன்றிலேயே பல டூல்கள் இருக்கின்றன, ஷிப்டைச் சேர்த்துத் தட்டினால் ஒவ்வொன்றாக மாறும். ஷிப்ட் தொல்லை வேண்டாமென்றால் பிரிஃபரன்சஸ், டூல்ஸில் 'யூஸ் ஷிப்ட் கீ ஃபார் டூல் ஸ்விட்ச்' டிக்கை எடுத்துவிடுங்கள்.