குன்னூர் வீடு குழு: ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம்

கவின், காலை 9:14
மேல் அறை மர அலமாரியைத் திறந்துவிட்டோம். புடவை, ஸ்வெட்டர் எல்லாம் ஒரே பூஞ்சை வாடை. அடித்தட்டில் பிஸ்கட் டப்பா நிறைய டிஸ்க் இருக்கிறது. படம் போடுகிறேன், யாருக்கு எது வேண்டும் என்று சொல்லுங்கள்.

கவின், 9:15
[புகைப்படம்]

செல்வி அத்தை, 9:21
கவின், அந்த மூன்றும் என் கல்யாண சிடி! 2003-இல் எடுத்தது. எங்கள் இரண்டு பேர் போட்டோவும் ஒட்டியிருக்கும். பத்திரம்டா கண்ணா.

கவின், 9:23
அதேதான் அத்தை. இரண்டாவதில் போட்டோ ஸ்டிக்கர் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் கருப்பு கருப்பாகப் புள்ளி. உரித்துவிட்டுத் துடைக்கட்டுமா?

பெரியப்பா, 9:24
உரிக்காதே. அப்படியே கீழே வை.

பெரியப்பா, 9:28
கவனமாகக் கேள். இப்படிப் பதிந்த சிடி, விசிடி எதுவானாலும் வெள்ளிப் பூச்சும் படம் பதிந்த சாயமும் மேல்பக்கம்தான் இருக்கின்றன, ஸ்டிக்கருக்கு நேர் கீழே. இடையில் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். நாம் பயந்து பயந்து துடைக்கிற கீழ்ப்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். ஸ்டிக்கரை இழுத்தால் வெள்ளியும் சேர்ந்து உரிந்து வரும். கல்யாணமே அதில்தான் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்தபோது, வெள்ளி போய் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்ட டிஸ்க்கைக் கொண்டுவந்து எத்தனை பேர் கண் கலங்கினார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

செல்வி அத்தை, 9:30
எனக்குக் கை நடுங்குகிறது அண்ணா. இப்போது என்னதான் செய்வது?

பெரியப்பா, 9:33
பதறாதே செல்வி. கவின், தூக்கிய ஓரத்தை விரலால் மெதுவாக அமுக்கி விடு, பசை எதுவும் போடாதே. கீழ்ப்பக்கத்தை மட்டும் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடை. வட்டமாகத் துடைக்காதே. வட்டமாக விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடும், அதைப் பிளேயரால் சமாளிக்க முடியாது. குறுக்குக் கீறல் என்றால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும்.

நித்யா, 9:36
பெரியப்பா, டிவிடியும் இப்படித்தானா? அப்பாவிடம் பழைய டிவிடி நிறைய இருக்கிறது.

பெரியப்பா, 9:41
இல்லைம்மா, டிவிடி வேறு கட்டமைப்பு. 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி 1.2 மில்லிமீட்டர் ஆக்கியிருப்பார்கள். படம் இருப்பது இரண்டுக்கும் நடுவில். அதனால் மேலே கீறினாலும் சட்டென்று போகாது. வெளியே ஒரே அளவு, உள்ளே இவ்வளவு வித்தியாசம். அந்த ஒட்டு வேலைக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

நித்யா, 9:42
சண்டையா? சொல்லுங்கள்.

பெரியப்பா, 9:50
1994 டிசம்பரில் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து ஒரு புது டிஸ்க்கை அறிவித்தார்கள். பெயர் எம்எம்சிடி, 3.7 ஜிபி கொள்ளும். அடுத்த மாதமே தோஷிபா, மட்சுஷிடா, டைம் வார்னர் எல்லாம் எதிர் அணியாக வந்து எஸ்டி என்று இன்னொன்றை அறிவித்தார்கள். ஒரு பக்கத்துக்கு 5 ஜிபி. ஒன்றை இன்னொன்றின் பிளேயரில் போட முடியாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரே படத்தை இரண்டு விதமாக வாங்கி வைக்கக் கடையில் இடமும் இல்லை, கையில் பணமும் இல்லை.

கோவை சித்தப்பா, 9:58
அண்ணா சொல்வதில் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தச் சண்டையை நிறுத்தியது சினிமாக்காரர்கள் இல்லை, கம்ப்யூட்டர்காரர்கள். ஐபிஎம், ஆப்பிள், காம்பாக், ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் ஐந்தும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே வடிவம் என்றால்தான் ஏற்போம் என்று 1995-இல் அறிவித்தன. இரு அணியும் ஒத்துவராவிட்டால் இரண்டையுமே புறக்கணிப்பது என்று முடிவெடுத்தார்கள். ஐபிஎம் தலைவர் லூ கெர்ஸ்ட்னர் நேரடியாகப் பேசி நெருக்கினார். செப்டம்பரில் சமரசம் வந்துவிட்டது.

பெரியப்பா, 10:04
சரியாகச் சொன்னாய். அந்தச் சமரசத்தில் இரு அணியும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. இரண்டு தகட்டை ஒட்டும் முறை தோஷிபா அணியுடையது. தகவலைக் குறியிடும் முறை சோனி, பிலிப்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. கீஸ் இம்மிங்க் என்ற டச்சுப் பொறியாளர் வடிவமைத்தது. அதை ஏற்றதால் 5 ஜிபி 4.7 ஆகக் குறைந்தது. இன்றைக்கும் டிவிடி உறையில் 4.7 என்று இருக்கிறதே, அந்த எண் அப்படி வந்ததுதான். இரண்டு அடுக்கு உள்ள டிஸ்க்கையும் திருப்பிப் போடாமல் ஒரே பக்கத்திலிருந்து படிக்கலாம் என்றும் முடிவானது.

கவின், 10:07
அப்படி ஒன்றாகிவிட்டார்கள் என்றால் இந்த டப்பாவில் நாமே பதிந்த டிவிடிகளில் ஏன் ஒன்றில் மைனஸ் ஆர், இன்னொன்றில் பிளஸ் ஆர் என்று இருக்கிறது? தாத்தாவின் அறுபதாம் கல்யாண டிஸ்க் பிளஸ் ஆர். ஹால் பிளேயர் அதை வாங்கவே மாட்டேன் என்கிறது.

பெரியப்பா, 10:15
நாம் கடைக்குப் போய் வாங்கும் படத்துக்குத்தான் ஒரே வடிவம் வந்தது. வீட்டில் பதிவதற்கு வரவில்லை. மைனஸ் ஆர் முதலில் வந்தது. அப்புறம் சோனி, பிலிப்ஸ், ஹெச்பி முதலானோர் தனியாகப் பிரிந்து பிளஸ் வகையைக் கொண்டுவந்தார்கள். பழைய பிளேயர் சில பிளஸ் டிஸ்க்கைப் படிக்காது. கம்ப்யூட்டர் டிரைவ்கள் இரண்டையும் படிக்கத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி. ஹால் பிளேயரோடு போராடாதே, பக்கத்து வீட்டு டிரைவில் போட்டுப் பார்.

கோவை சித்தப்பா, 10:19
போட்டி இருந்ததால்தான் அண்ணா தரம் ஏறியது. 3.7-இல் திருப்தியாகி நின்றிருந்தால் நமக்கு 4.7 கிடைத்திருக்குமா?

பெரியப்பா, 10:26
ஆய்வுக்கூடத்தில் போட்டி போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்கு வருவதற்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும். 1995-இல் முடித்துக்கொண்டார்கள், அதனால் டிவிடி ஊர் ஊராகப் போனது. அடுத்த முறை அதைச் செய்யவில்லை. டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க்குகளான ப்ளூ-ரே, ஹெச்டி டிவிடி இரண்டின் அணிகளும் 2005-இல் பேசிப் பார்த்தார்கள். ப்ளூ-ரேயில் படம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில், ஹெச்டி டிவிடியில் 0.6. ஒரு அடுக்கில் ப்ளூ-ரேக்கு 25 ஜிபி, மற்றதற்கு 15. யாரும் இறங்கி வரவில்லை, 2006-இல் இரண்டுமே கடைக்கு வந்தன. 2008 ஜனவரியில் வார்னர் சினிமா நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் போனது, பிப்ரவரியில் ஹெச்டி டிவிடி அணியின் தோஷிபா கையை விரித்துவிட்டது. ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவனுக்கு யார் பதில் சொன்னார்கள்? அவனும் உழைத்த காசில்தானே வாங்கினான்.

கோவை சித்தப்பா, 10:28
அந்தக் கடைசிக் கேள்வியை ஒத்துக்கொள்கிறேன்.

கவின், 10:52
மூன்று விசிடியையும் பக்கத்து வீட்டு டிரைவில் போட்டேன். ஒன்றும் மூன்றும் திறந்துவிட்டன. உள்ளே டேட் (.dat) என்று முடியும் பெரிய கோப்பு, விஎல்சி என்கிற வீடியோ மென்பொருளில் ஓடுகிறது. இரண்டாவது முகூர்த்தம் வரை வந்து அங்கேயே நிற்கிறது.

செல்வி அத்தை, 10:53
தாலி கட்டுவதற்கு முன்னாலா பின்னாலா?

கவின், 10:54
முன்னால், அத்தை.

பெரியப்பா, 10:58
திரும்பத் திரும்ப ஓட்டாதே. எடுத்து உறையில் போட்டு வை. பிழை வந்தாலும் விடாமல் படிக்கிற மென்பொருள் இருக்கிறது, டிரைவ் மாற்றினாலும் சில நேரம் படித்துவிடும். நான் ஞாயிறு என்னுடைய பழைய டிரைவோடு வருகிறேன். டப்பாவை மறுபடி அந்த அலமாரியில் வைக்காதே. இனி ஐப்பசி மழை, மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஹால் பீரோவில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறதே, அந்தத் தட்டில் வை.

கவின், 11:03
டிவிடி டிரைவில் அறுபதாம் கல்யாணம் முழுக்க ஓடிவிட்டது! அப்புறம் உள்ளங்கை அளவு சின்ன டிஸ்க் ஒன்று, ‘மலர் கண்காட்சி 2007’ என்று எழுதியிருக்கிறது. காலி என்று காட்டுகிறது.

கோவை சித்தப்பா, 11:05
அது என் கேமராவில் எடுத்தது. காலியாக இருக்க வாய்ப்பில்லை.

பெரியப்பா, 11:09
அந்த 8 சென்டிமீட்டர் டிஸ்க்கை எடுத்த கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்தால்தான், அதாவது பதிவை முடித்து மூடினால்தான், மற்ற இயந்திரத்துக்குத் தெரியும். கேமரா இருக்கிறதா?

கோவை சித்தப்பா, 11:10
இருக்கிறது அண்ணா. சார்ஜரைத் தேட வேண்டும். ஞாயிறு காலை மேட்டுப்பாளையம் வழியாக நானும் ஏறி வருகிறேன். எல்லாவற்றையும் ஹெச்265 என்கிற புது வீடியோச் சுருக்க முறைக்கு மாற்றிவிடலாம், இடம் பாதியாகக் குறையும்.

பெரியப்பா, 11:16
வேண்டாம் தம்பி. இடம் போனால் போகட்டும், இன்னொரு ஹார்டு டிஸ்க் நான் வாங்கித் தருகிறேன். டிஸ்க்கில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு நகல். பார்ப்பதற்குப் பழைய சுருக்க முறையான ஹெச்264-இல் ஒரு எம்பி ஃபோர் கோப்பு. செல்வி வீட்டு டிவியில் பென் டிரைவ் குத்தினாலும் ஓடும், நித்யா போனிலும் ஓடும். எல்லாருக்கும் ஒரே வகை. இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

கோவை சித்தப்பா, 11:18
சரி அண்ணா, அப்படியே செய்வோம்.

நித்யா, 11:20
ஒரு ஹார்டு டிஸ்க் சென்னையில் என்னிடம் இருக்கட்டும் பெரியப்பா. இங்கே ஈரம் கம்மி இல்லை என்றாலும் இரண்டு ஊரில் இருப்பது நல்லது.

செல்வி அத்தை, 11:24
எனக்கு இரண்டு பென் டிரைவ். ஒன்று மாமியாருக்கு. ஞாயிறு மதியம் எல்லாருக்கும் இங்கேயே சாப்பாடு, கவின், காய்கறி மார்க்கெட்டில் பட்டாணி வாங்கி வைத்துவிடு.