உதவி: கொலை மர்மம் எழுதினேன், பிணத்திடமே கேட்டுவிட்டால் என்ன செய்வது?

பாதிகடித்தவடை:
அவசரம், சனிக்கிழமை எங்கள் ரோல்பிளேயிங் ஆட்டத்தின் செஷன், ஆட்டத்தை நடத்துகிற டிஎம் நான்தான். கொலை மர்மம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கிடங்கு முதலாளி ஒருவர் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார், கொன்றது அவருடைய தம்பி. எல்லாம் ரெடி. இப்போது பார்த்தால் கிளெரிக் (மந்திரம் போடுகிற பூசாரிப் பாத்திரம்) நேரே போய் ஒரு ஸ்பெல், அதாவது மந்திரம் போட்டுப் பிணத்திடமே "உன்னைக் கொன்றது யார்" என்று கேட்டுவிடலாம், கதை பத்து நிமிஷத்தில் காலி. அதில் தப்பித்தாலும் உண்மை பேச வைக்கிற அந்த இன்னொரு ஸ்பெல் இருக்கிறது. இரண்டையும் தடை செய்துவிடலாமா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் மக்களே.

ரோக்ராணி:
எந்த கேம்? டி அண்ட் டியா (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), பாத்ஃபைண்டரா? என்ன லெவல், எத்தனை பேர்? ஆள் எப்படிச் செத்தார், கத்தியா, விஷமா, மந்திரமா? தம்பிக்கு என்ன காரணம்? இதில் ஒன்றுமே இல்லாமல் "எல்லாம் ரெடி" என்றால் நாங்கள் எதை வைத்து யோசிப்பது?

டி20தாத்தா:
மாதம் ஒருத்தர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. ஸ்பெல்லின் பெயரை மட்டும் படித்துவிட்டு "ஐயோ என் கதை போச்சு" என்று ஓடிவருகிறார்கள், கீழே இருக்கிற இரண்டு பத்தியைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. படித்திருந்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.

சுண்டெலி:
தாத்தா, அந்த இரண்டு பத்தியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத் திட்டினால் அவருக்கும் உபயோகமாக இருக்கும். வடை, டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பிணத்தைப் பேச வைக்கிற ஸ்பீக் வித் டெட் மூன்றாம் லெவல் ஸ்பெல், ஐந்து கேள்விதான் கேட்கலாம். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஆவி திரும்பி வருவதில்லை, உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். பதிலும் சுருக்கமாக, புதிர் மாதிரிதான் வரும். கேட்பவரை எதிரி என்று அது அடையாளம் கண்டுகொண்டால் உண்மை சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆக உங்கள் முதலாளிக்குத் தன்னைக் கொன்றது யார் என்று தெரியுமா? அதுதான் கேள்வி.

கல்லறைக்காவலன்:
வாய் இருக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? தாடையைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறான் கொலைகாரன். முடிந்தது. மந்திரம் இருக்கிற உலகத்தில் புத்தியுள்ள எவனும் அதைத்தான் முதலில் செய்வான். நான் எழுதுகிற எல்லாக் கொலையிலும் தாடை இருக்காது.

ரோக்ராணி:
உங்கள் பிளேயர்கள் இதற்குள் தாடை இல்லாத பிணத்தைப் பார்த்தாலே "சரி, கொலைதான்" என்று எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்களே.

பாதிகடித்தவடை:
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நாலு பேர். கிளெரிக், பார்டு (பாட்டாலே மந்திரம் போடுபவர்), ரோக் (திருட்டுவேலை தெரிந்தவர்), ஃபைட்டர். இப்போதுதான் லெவல் 5 ஆனார்கள். கதை நடப்பது வாட்டர்டீப் என்ற கற்பனை நகரத்தின் துறைமுகப் பகுதி, டாக் வார்டு. ஒயினில் விஷம். கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுக் குடித்துச் செத்தார். தம்பிக்குக் கிடங்கு வேண்டும். தரைப்பலகைக்கு அடியில் தம்பி விஷக்காரனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, கண்டுபிடிக்க இன்வெஸ்டிகேஷன் டிசி 18, அதாவது இருபது பக்க டைஸும் திறமைப் புள்ளியும் சேர்ந்து 18 வர வேண்டும்.

ரோக்ராணி:
தாழ் போட்டுவிட்டு அவரே குடித்தார் என்றால் பூட்டிய அறையில் மர்மமே இல்லையே தோழர். அதைவிட, தம்பி எழுதிய கடிதம் அண்ணன் அறைத் தரைக்கு அடியில் எப்படி வந்தது?

தசமபின்னம்:
எனக்கு டிசி 18தான் உறுத்துகிறது. ரோக்குக்கு +5 இருக்கும் என்று வைத்தால் டைஸில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 40 சதவீதம். இன்னொருத்தர் கூட நின்று உதவி அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைத்தால் 64. அப்படியும் மூன்றில் ஒரு மேஜையில் உங்கள் கதை அந்தப் பலகைக்கு மேலேயே நின்றுவிடும், ஏனென்றால் தம்பியைக் காட்டிக்கொடுக்க வேறு எதுவும் இல்லை. அதே கடினத்தில் தனித்தனியாக மூன்று துப்பு வைத்தால், ஒன்றாவது கிடைக்க 78 சதவீதம். ஸ்பெல்லைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள்.

சுண்டெலி:
விஷம் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டிடெக்ட் பாய்சன் அண்ட் டிசீஸ் கிளெரிக்கிடம் இருக்கும், முதல் லெவல், தயார் செய்திருந்தால் சடங்காகவே போடலாம், அன்றைய மந்திர ஒதுக்கீட்டில் ஒரு ஸ்லாட்கூடச் செலவாகாது. 30 அடிக்குள் விஷம் எங்கே, எந்த வகை என்று தெரிந்துவிடும். தடுக்காதீர்கள், தெரியட்டும். மந்திரத்துக்குக் கிடைக்கிற பதில் அடுத்த கேள்விக்குக் கொண்டுபோய் விட்டால் போதும்.

என்னுடைய யோசனை: ஒயினைத் தம்பி அனுப்பினான் என்பது முதலாளிக்குத் தெரியாது. போட்டி வியாபாரி சமாதானத்துக்கு அனுப்பிய புட்டி என்று நம்பித்தான் திறந்திருக்கிறார். பிணத்திடம் பேசினால் இப்படிப் போகும்:

"உன்னைக் கொன்றது யார்?"
"ஒயின்."
"அனுப்பியது யார்?"
"சிவப்பு மெழுகு. கழுகு முத்திரை."
"அது யாருடைய முத்திரை?"
"எதிர்க் கிடங்கு. கடைசியில் சமாதானம்."

மூன்று கேள்வி போச்சு. பிணம் பொய் சொல்லவில்லை, தான் நம்பியதைச் சொல்கிறது. பிளேயர்கள் எதிர்க் கிடங்குக்கு ஓடுவார்கள். அங்கே மேஜையில் கிடக்கிற கடிதங்கள் எல்லாவற்றிலும் கழுகு பச்சை மெழுகில் இருக்கிறது, போன குளிர்காலத்திலேயே மாற்றிவிட்டார்கள். அப்படியானால் பழைய சிவப்பு முத்திரையை அச்செடுக்க வசதி யாருக்கு இருந்தது? பழைய கடிதக்கட்டு முதலாளி வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஸ்பெல்லைத் தடை செய்திருந்தால் இந்த வழியே திறந்திருக்காது.

கல்லறைக்காவலன்:
இதில் தாடை எங்கே?

டி20தாத்தா:
சுண்டெலி சொல்வது பரவாயில்லை. ஆனால் தசமபின்னம் சொல்கிற மாதிரி துப்பை வாரி இறைத்தால் அது விளையாட்டில்லை, டிஎம் கதாகாலட்சேபம். டைஸ் தோற்றால் தோற்றதுதான். தோற்கவே முடியாத விசாரணையில் ஜெயித்து என்ன சந்தோஷம்?

தசமபின்னம்:
வாரி இறைக்கச் சொல்லவில்லை, மூன்று என்றேன். சண்டையில் ஒரு அடி தவறினால் அடுத்த சுற்றில் இன்னொரு அடி இருக்கிறது. இங்கே ஒரே ஒரு உருட்டல் தவறினால் நாலு பேரும் உட்கார்ந்து டிஎம் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். துப்பறியும் கதைகளுக்கென்றே இருக்கிற கம்ஷூ ஆட்டமுறையில் சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியத் துப்பு உருட்டாமலே கிடைக்கும். கிடைத்ததை வைத்து யார் குற்றவாளி என்று யோசிப்பதில் இருக்கிறது விளையாட்டு.

டி20தாத்தா:
அப்படியானால் ரோக்குக்கு எதற்கு எக்ஸ்பர்டீஸ், அந்தக் கூடுதல் தேர்ச்சி? எடுத்தவன் முட்டாளா?

தசமபின்னம்:
உருட்டி ஜெயித்தவனுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். மெழுகு சிவப்பு என்பது எல்லோருக்கும் தெரியட்டும். அச்சின் ஓரம் மழுங்கியிருக்கிறது, இது அசல் முத்திரையால் குத்தியது இல்லை என்பது உருட்டினவனுக்கு மட்டும்.

ரோக்ராணி:
அது நல்ல யோசனை. அப்புறம் உண்மை பேச வைக்கிற ஸ்பெல், ஸோன் ஆஃப் ட்ரூத் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்பெல்லிலிருந்து தப்பிக்க உருட்டுகிற சேவில் தோற்றால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது, ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், சுற்றி வளைத்தும் பேசலாம். தோற்றானா ஜெயித்தானா என்பது ஸ்பெல் போட்டவருக்குத் தெரியும், தன் மேல் அது இருக்கிறது என்பது தம்பிக்கும் தெரியும். "அன்றைக்கு நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை" என்பான், அது உண்மைதான். புட்டியை எடுத்து வந்த வேலைக்காரி "நான்தான் கொடுத்தேன்" என்று அழுவாள், அதுவும் உண்மைதான். தம்பியின் நாலைந்து பதிலை முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் உளறிவிடுவீர்கள்.

கறுப்புஅங்கி:
வாட்டர்டீப் என்றால் கடைசியில் மேஜிஸ்டர், அதாவது அந்த ஊர் நீதிபதி முன்னால்தானே நிறுத்த வேண்டும்? அங்கே ஸோன் ஆஃப் ட்ரூத் சாட்சி செல்லாது. சேவில் தோற்றானா என்பது ஸ்பெல் போட்டவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் சொல்வதை நீதிமன்றம் எப்படி நம்பும்? காசுள்ள வியாபாரச் சங்கம் எல்லாம் தனக்குச் சாதகமாகச் சொல்ல ஒரு பூசாரியை வைத்துக்கொள்ளும்.

ரோக்ராணி:
நகரமே சொந்தமாக ஒரு பூசாரியை நியமித்துவிட்டுப் போகிறது. இத்தனை கோயில் இருக்கிற ஊரில் ஆளா கிடைக்காது?

கறுப்புஅங்கி:
அப்படி நியமித்தால் அந்த ஊரில் ஒரு வழக்கும் ஒரு நாளைக்கு மேல் நிற்காது. ரகசிய சங்கங்கள் எல்லாம் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் சட்டத்திலேயே தடை இருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

டி20தாத்தா:
"எடுத்துக்கொள்கிறேன்" என்பது ஆதாரம் ஆகாது. புத்தகத்தில் எங்கே இருக்கிறது, பக்கம் சொல்லுங்கள்.

கறுப்புஅங்கி:
என் மேஜையில் நான்தான் புத்தகம்.

டி20தாத்தா:
இதனால்தான் நான் வெளி மேஜைகளில் உட்காருவதில்லை.

கல்லறைக்காவலன்:
பூசாரி, சட்டம் எதுவும் வேண்டாம். இன்னொரு வழி இருக்கிறது. ஒரே பிணத்திடம் பத்து நாளைக்குள் இரண்டாம் தடவை ஸ்பீக் வித் டெட் பலிக்காது. தம்பி கூலிக்கு ஒரு பார்டைப் பிடித்து முதலிலேயே ஐந்து கேள்வியையும் கேட்டு முடித்துவிட்டான். கிளெரிக் போட்டால் பிணம் கம்மென்று கிடக்கும். "நமக்கு முன்னால் யாரோ கேட்டிருக்கிறார்கள்" என்பதே ஒரு துப்பு.

சுண்டெலி:
காவலரே, தாடை இல்லாத யோசனையும் உங்களிடம் இருக்கிறதே! இது அருமை. அந்த பார்டு ஊரில் எங்கேயோ குடித்துக்கொண்டிருப்பான், அவனைத் தேடிப் பிடிப்பதற்கே அரை செஷன் போகும். வடை, மெழுகு இல்லாவிட்டால் இது, இரண்டில் ஒன்று எடுங்கள். இரண்டையும் சேர்த்தால் சிக்கலாகிவிடும். வடை? இருக்கிறீர்களா?

ரோக்ராணி:
ஆளைக் காணோம். அந்தக் கடிதத்தையாவது தரையிலிருந்து எடுத்து வேறு எங்காவது வைத்தாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பாதிகடித்தவடை:
எல்லோருக்கும் நன்றி. செஷன் முடிந்தது. மெழுகு யோசனையை எடுத்தேன், கடிதத்தைத் தூக்கிவிட்டேன். பிணத்திடம் யாரும் பேசவே இல்லை, கிளெரிக் அன்றைக்கு மூன்றாம் லெவலில் சண்டைக்கான ஸ்பிரிட் கார்டியன்ஸ் மட்டும் தயார் செய்து வந்திருந்தான். புட்டியில் சிவப்பு, எதிர்க் கிடங்கில் பச்சை, அதை ஃபைட்டர்தான் கவனித்தான். மேஜிஸ்டர் வரை போகவில்லை. தூங்கணும், அப்புறம் எழுதுகிறேன்.

ரோக்ராணி:
மேஜிஸ்டர் வரை போகவில்லை என்றால் தம்பி என்ன ஆனான்? கொன்றுவிட்டார்களா?

கறுப்புஅங்கி:
கொன்றிருந்தால் இப்போது அவர்கள் மேல்தான் வழக்கு.

டி20தாத்தா:
பக்கம் இன்னும் சொல்லவில்லை.