ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் பார்த்தபடி சாப்பிட எங்கே போகலாம்?

வணக்கம். அடுத்த ஞாயிறு மதுரையிலிருந்து அத்தை வருகிறார். 1964-ல் எட்டு வயதில் ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னை வந்து இறங்கியவர். ராயபுரத்தில்தான் வளர்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

அவர் கேட்பது அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டிகளில் கிடைக்கும், நானே பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவி, கூடவே சூடாக வாழைத்தண்டு சூப் தருவார்கள். ஆனால் அங்கே நின்றுதான் சாப்பிட வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, பத்து நிமிஷம்கூட நிற்க முடியாது. உட்கார்ந்து சாப்பிடும்படி நல்ல பர்மா கடை இருக்கிறதா? மீன் சூப் ஊற்றிய நூடுல்ஸான மொய்ங்காவும் கிடைத்தால் ரொம்ப சந்தோஷப்படுவார்.

அப்புறம் காசிமேடு. விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் வாங்கிக் கொடுத்தால், பக்கத்திலேயே வறுத்துத் தருபவர்கள் உண்டா? வஞ்சிரம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். நெத்திலியும் சங்கராவும்தான் அவருக்கு உயிர். ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் சனிக்கிழமைக்கே மாற்றவும் தயார்.

மாலையில் கடல்காற்றில் உட்கார்ந்து சுக்கு காபியோ நன்னாரி சர்பத்தோ குடிக்க ஓர் இடம் சொல்லுங்கள். ஆட்டோ வாசல்வரை போக வேண்டும், கழிப்பறை இருக்க வேண்டும். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனையும் அவருக்குக் காட்ட வேண்டும், அதனால் அதன் அருகில் என்றால் இன்னும் நல்லது.