துணை அதிபர் வேட்பாளரால் ஓட்டு கூடுமா?

திண்ணைக்கணக்கு:
அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜோடியாக நிற்பவர், அதாவது துணை அதிபர் வேட்பாளர், சொந்த மாநிலத்தை வாங்கித் தருவார் என்பது வெறும் நம்பிக்கை என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். 1960-ஐப் பாருங்கள். டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சனைக் கென்னடி சேர்த்துக்கொண்டார். டெக்சாஸ் சுமார் 46,000 ஓட்டு வித்தியாசத்தில் கைக்கு வந்தது. 24 தேர்வாளர் வாக்குகள், அதாவது அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்!

பழங்கதை என்பீர்களானால், 2024. ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் ஜோடி. அங்கே அந்தக் கட்சியின் முன்னிலை 2020-இல் 7.1 சதவீதப் புள்ளி, 2024-இல் 4.2. குறைந்துதானே போனது என்று அவசரப்பட வேண்டாம். நாடு முழுவதும் அதே கட்சி 4.5 முன்னிலையிலிருந்து 1.5 பின்னடைவுக்கு இறங்கியது. அதாவது 6 புள்ளி சரிவு. மின்னசோட்டாவில் 3 புள்ளியோடு நின்றுவிட்டது. மிச்சம் 3 யாரால்?

குறுக்குக்கேள்வி:
பக்கத்து வீட்டையும் எட்டிப் பாருங்கள். விஸ்கான்சினில் 2020-இல் 0.6 முன்னிலை, 2024-இல் 0.9 பின்னடைவு. சரிவு 1.5 தான். வால்ஸ் அங்கே ஆளுநர் இல்லை. ஆளுநர் நின்ற மாநிலத்தைவிட நிற்காத மாநிலம் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கிறது.

நீங்கள் எடுத்த அளவுகோலே தப்பு. நாட்டுச் சராசரியைக் கீழே இழுத்தவை நியூயார்க், கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்கள். அங்கே பிரச்சாரமே பெரிதாக நடக்கவில்லை. கடும் போட்டி இருந்த விஸ்கான்சினில் விளம்பரமும் வீடு வீடாகப் போகும் ஆட்களும் கொட்டிக் கிடந்தார்கள். சொந்த மாநிலப் பலனை அளக்க வேண்டுமென்றால் அதே மாதிரி மக்கள் வாழும் அண்டை மாநிலத்தை எடுங்கள். ஒரு தேர்தலை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், முந்தைய மூன்று நான்கு தேர்தல்களில் இரண்டு மாநிலங்களும் எப்படி நகர்ந்தன என்று பாருங்கள். அந்த இடைவெளி ஜோடி நின்ற ஆண்டில் மட்டும் விரிந்திருந்தால் பேசலாம்.

டெக்சாஸுக்கே வருகிறேன். 1988-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் அங்கிருந்து துணைக்கு லாயிட் பென்ட்சனைப் பிடித்தார். அதிபர் போட்டியில் டெக்சாஸ் 12 புள்ளிக்கு மேல் தோல்வி. ஆனால் அதே நாளில் பென்ட்சன் தன் செனட் (நாடாளுமன்ற மேலவை) இடத்தை 59 சதவீதத்தோடு தக்கவைத்தார். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் நிற்க அந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. பென்ட்சனை விரும்பியவர்கள் ஏராளம். அதிபர் பெயருக்கு வந்ததும் மேலே நிற்பவரைப் பார்த்துத்தான் குத்தினார்கள்.

திண்ணைக்கணக்கு:
1988-இல் எதிரே நின்ற அப்பா புஷ்ஷும் டெக்சாஸ்காரர்தான், அதைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள். விஸ்கான்சின் கணக்கு சரி, அதில் நான் மாட்டிக்கொண்டேன். ஆனால் 1960-இன் 46,000-ஐ அப்படித் தள்ள முடியாது. வித்தியாசம் 2 புள்ளிதான். அந்த அளவுக்கு ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பலன் சின்னது என்பதற்காகப் பயனற்றது என்று ஆகிவிடாது.

பூதக்கண்ணாடி:
இருவரும் வரைபடத்தைவிட்டு வெளியே வரமாட்டீர்களா? ஜோடியைப் பார்த்து வாக்காளர் எடைபோடுவது மேலே நிற்பவரை. பிரேசிலில் 2006-இல் லூலாவை எதிர்த்து நின்ற ஆல்க்மின்னையே 2022-இல் லூலா துணைக்கு வைத்தார். இடதுசாரி ஆட்சியை நினைத்துப் பயந்த நடுப்போக்குக்காரர்களுக்கு அது ஒரு பதில். இரண்டாம் சுற்றில் வென்றது 50.9 சதவீதத்தில். 1992-இல் கிளிண்டன் செய்தது நேர் எதிர். தன் வயதொத்தவர், பக்கத்து மாநிலத்துக்காரர் அல் கோர். சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை, 'புதிய தலைமுறை' என்ற ஒரே செய்தியை இரண்டு முகங்களில் காட்டினார்.

2022 கென்யா இன்னும் நல்ல பாடம். அதிபர் வேட்பாளர்கள் ரூட்டோ, ஒடிங்கா இருவரும் மே மாத நடுவில் மவுண்ட் கென்யா பகுதியிலிருந்தே ஜோடியைத் தேர்ந்தார்கள். ரூட்டோவுக்குக் கச்சாகுவா, ஒடிங்காவுக்கு மார்த்தா கருவா. கருவாவின் சொந்த மாவட்டம் கிரின்யாகா பெருவாரியாக ரூட்டோவுக்குப் போனது. அந்தப் பகுதியில் ரூட்டோ பல ஆண்டுகளாக வேலை பார்த்திருந்தார். ஆகஸ்ட் 9 தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு வந்த ஒரு பெயரால் அதைப் பெயர்க்க முடியவில்லை. ஏற்கனவே விதைத்த இடத்தில் ஜோடி அறுவடைக்கு உதவுவார். தரிசை உழச் சொன்னால் முடியாது.

குறுக்குக்கேள்வி:
இது என் வாதத்துக்குத்தான் பக்கபலம். அப்படியானால் தேர்வின் முதல் வேலை லாபம் தேடுவது இல்லை, நஷ்டத்தைத் தடுப்பது. 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன், ஈகிள்டனைக் கடைசி நேரத்தில், சில மணி நேர யோசனையில் சேர்த்தார். மனச்சோர்வுக்காக அவர் மருத்துவமனையில் இருந்ததும், மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்ததும் பிறகு வெளிவந்தன. ஜூலை 13 தேர்வு, ஜூலை 31 விலகல். நடுவே 'ஆயிரம் சதவீதம்' ஆதரவு என்று மெக்கவர்ன் வேறு சொல்லி வைத்தார். நிக்சனிடம் எப்படியும் தோற்றிருப்பார், அது வேறு. ஆனால் முடிவெடுக்கத் தெரியாதவர் என்ற பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

அதனால் ஜோடியின் பின்னணிச் சோதனைக்கு இரண்டு மூன்று மாதமாவது ஒதுக்க வேண்டும். பல ஆண்டு வருமான வரிக் கணக்கு, மருத்துவப் பதிவுகள், அவையில் போட்ட ஓட்டுகள், பழைய பேட்டிகள், வழக்குகள் எல்லாம் பார்க்க வேண்டும். வாழ்க்கைத்துணையின் தொழிலையும் விடக்கூடாது. 1984-இல் துணை அதிபர் வேட்பாளர் ஜெரால்டின் ஃபெராரோவுக்குத் தலைவலி கணவரின் வரிக்கணக்கிலிருந்துதான் வந்தது. "ஒளிக்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு "இல்லை" என்று பதில் வாங்குவதற்குப் பெயர் சோதனை இல்லை.

திண்ணைக்கணக்கு:
பட்டியலில் முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தப்படி, ஒரு மாநிலத் தேர்வாளர்கள் அதிபர், துணை அதிபர் இரண்டுக்கும் தங்கள் மாநிலத்தவருக்கே ஓட்டுப் போட முடியாது. 2000-இல் மகன் புஷ்ஷும் அவருடைய ஜோடி செய்னியும் டெக்சாஸில்தான் இருந்தார்கள். அந்த ஜூலையில் செய்னி தன் வாக்காளர் பதிவைப் பழைய மாநிலமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். வழக்கும் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. புஷ்ஷுக்குக் கிடைத்தது 271, தேவை 270, அதில் டெக்சாஸ் மட்டும் 32. பதிவை மாற்றாமல் விட்டிருந்தால் துணை அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலை செனட்டுக்குப் போயிருக்கும்.