செமஸ்டர் பாதியில் விலகினால் பெல் கிராண்ட்: ஒரு உதவி தேவை

அமெரிக்கக் கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெல் கிராண்ட் (குறைந்த வருமான மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) பெற்ற, எனக்குத் தெரிந்த மாணவி ஸ்பிரிங் செமஸ்டரில் விலகிவிட்டார். 9 நாள் விடுமுறை போக செமஸ்டர் மொத்தம் 105 நாள். விலகல் தேதி 42ஆம் நாள். இருந்த நாள் கணக்கில்தான் உதவி என்பதால், 40% மட்டுமே அவருக்கு உரியது; மீதி 60% திரும்பப் போக வேண்டும். வந்தது பெல் கிராண்ட் 3,000 டாலர், வட்டிச் சலுகை இல்லாத ஃபெடரல் கடன் 2,000. கட்டணம் 4,000. கட்டணத்தில் 60%, அதாவது 2,400 டாலரைக் கல்லூரி திருப்பி அனுப்பிவிட்டது: முதலில் கடனுக்கு 2,000, மீதி பெல்லுக்கு. மொத்த உதவி 5,000இல் 60% ஆன 3,000இல் இது போக மாணவி பங்கான 600, கிராண்டில் பாதிக்கும் கீழே என்பதால் அரசுக்குக் கட்ட வேண்டாம். ஆனால் அந்த 2,400 இப்போது கட்டணப் பாக்கி என்று கல்லூரி அவரிடம் கேட்கிறது. இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை!

ஆனால் விலகல் தேதிக்குப் பிறகும், 64ஆம் நாள் அவர் ஆன்லைன் தேர்வு எழுதிய பதிவு இருக்கிறது. செமஸ்டரில் 60% நாளைத் தாண்டினால் முழு உதவியும் அவருக்கே உரியது. வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரி என்றால், கடைசியாகப் பாடத்தில் பங்கேற்ற நாளை விலகல் தேதியாக எடுப்பது கல்லூரியின் விருப்பம்தான், கட்டாயமில்லை. அப்படித் தேதியை மாற்ற வைத்தவர்கள் என்ன ஆவணம் கொடுத்தீர்கள்? பேராசிரியர் கடிதம் போதுமா?