தொலை வடிகட்டியா, தனிப்பீட வடிகட்டியா?

அன்புள்ள கலைச்சொல் குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டியின் எஞ்சினில் இருக்கும் ஆயில் பில்டரைக் கழற்றி, சேசிஸில் வேறோர் இடத்தில் பொருத்தி, இரண்டு ஹோஸ்களால் எஞ்சினோடு இணைக்கும் அமைப்பை உதிரிபாகக் கடைகளில் ‘ரிமோட் ஆயில் பில்டர்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் தொலை வடிகட்டி, சேய்மை வடிகட்டி, புற வடிகட்டி என்னும் மூன்று சொற்கள் இந்த மடலாடலில் இதுவரை வந்துள்ளன. தருமபுரியில் மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்குச் செய்முறை கற்பிப்பவன் என்ற முறையிலும், இந்தப் பொருத்து வேலைக்கே தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருபவன் என்ற முறையிலும், இம்மூன்றில் எனக்குள்ள தடைகளைச் சொல்லி வேறொரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

‘தொலை’ என்னும் முன்னொட்டு தொலைபேசி, தொலைக்காட்சி, தொலையுணர்வு ஆகியவற்றில் நிலைபெற்றுவிட்டது. அங்கெல்லாம் ஒரு செயல் நெடுந்தூரத்தைக் கடந்து நிகழ்கிறது. இங்கே எதுவும் தூரத்திலிருந்து இயக்கப்படுவதில்லை. பில்டர் ஓரிரு முழம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘சேய்மை’ அழகான சொல்லாயினும் அதற்கும் இதே குறை உண்டு. பென்னாகரத்து ஆசிரியர் ஐயா தந்த ‘புற வடிகட்டி’ பொருளுக்கு நெருங்கி வந்தாலும், இன்று பெரும்பாலான வண்டிகளில் திருகிப் பொருத்தும் பில்டர் முதலிலிருந்தே எஞ்சின் பிளாக்கிற்கு வெளியேதான் தொங்குகிறது என்பதால், ஏற்கெனவே புறத்தே உள்ள ஒன்றைப் பெயர்த்து வைத்த பிறகு புறம் என்று அழைப்பதில் வேறுபாடு விளங்குவதில்லை. பட்டறைகளில் ‘பில்டரைத் தள்ளி வெச்சிருக்கு’ என்று இயல்பாகச் சொல்கிறார்கள். அதையே ‘தள்ளிவைத்த வடிகட்டி’ என்று எழுதலாமா என எண்ணிப் பார்த்தேன். தள்ளிவைத்தல் என்பது குடும்பத்திலும் ஊரிலும் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை நினைத்தவுடன் அதைக் கைவிட்டேன்.

இந்த அமைப்பில் மாறுவது எது என்று கேட்டுக்கொண்டால் சொல் தானே கிடைக்கிறது. பில்டர் மாறவில்லை, அதே மரை கொண்ட, அதே கடையில் வாங்கும் பில்டரைத்தான் பெரும்பாலும் போடுகிறோம். அது உட்காரும் பீடம்தான் மாறுகிறது. பிளாக்கின் முகமே பீடமாக இருந்த நிலை போய், சேசிஸிலோ மட்கார்டின் உட்புறத்திலோ போல்ட் போட்டு நிறுத்திய அலுமினிய வார்ப்பு ஒன்று தனிப்பீடமாகிறது. ஆகவே தனிப்பீட மசகெண்ணெய் வடிகட்டி என்பது என் பரிந்துரை. ‘தனி வடிகட்டி’ என்று சுருக்கக் கூடாது. அப்படிச் சுருக்கினால், முதன்மைப் பில்டர் இருக்க, எண்ணெயின் சிறு பகுதியை மட்டும் மெதுவாக வடிக்கும் துணை வடிகட்டி என்று மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். அது வேறு கருவி. ‘மசகெண்ணெய்’ என்பதையும் விட்டுவிட முடியாது, ஏனெனில் பல டீசல் வண்டிகளில் டீசல் பில்டர் தொடக்கத்திலிருந்தே தனிப்பீடத்தில்தான் அமர்ந்திருக்கிறது. மெக்கானிக்குகளிடம் இச்சொல்லை விளக்கும்போது அந்த டீசல் பில்டரையே காட்டிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

வடிகட்டியா வடிப்பானா என்ற விவாதத்தை நீட்டிக்க வேண்டியதில்லை. வடிகட்டி எல்லோர் வாயிலும் உள்ள சொல், அதுவே இருக்கட்டும்.

பிளாக்கில் பில்டர் இருந்த இடத்தை மூடிக்கொண்டு எண்ணெயை ஹோஸ்களுக்குத் திருப்பிவிடும் துண்டை வழிமாற்றித் தட்டு எனலாம். ஆயில் கூலர் பொருத்தும்போது பில்டருக்கும் பிளாக்கிற்கும் நடுவே செருகப்படும் தட்டு வேறு. அதில் பில்டர் தன் இடத்திலேயே இருக்கும். அதற்கு இடைத்தட்டு என்னும் சொல் போதும். வழிமாற்றித் தட்டை வாங்கும்போது, பில்டர் திருகி ஏறும் தண்டின் மரையைச் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்திற்கு 16 மரை உள்ள தண்டும், 20 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. மரையிடை உள்ள தண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். பொருந்தாததை வலிந்து முடுக்கினால் மரை போய்விடும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இரண்டு ஹோஸ்களின் பெயர்களைத்தான். ஓசூர் நண்பர் ‘வரத்துக் குழாய்’, ‘போக்குக் குழாய்’ என்று எழுதியிருந்தார். ஏரிப் பாசனத்திலிருந்து எடுத்த நல்ல சொற்கள். ஆனால் வரத்து எதற்கு? எஞ்சினுக்கு வரத்தாக இருப்பது பில்டருக்குப் போக்கு. வழிமாற்றித் தட்டில் ‘அவுட்’ என்று பொறித்த வாயிலிருந்து கிளம்பும் ஹோஸ் தனிப்பீடத்தில் ‘இன்’ என்று பொறித்த வாயில் சேர வேண்டும் என்பதில் ஆங்கிலம் அறிந்தவர்களே தடுமாறுகிறார்கள். அதே தடுமாற்றத்தைத் தமிழிலும் நாம் உண்டாக்கக் கூடாது.

இங்கே பெயர் பிசகினால் எஞ்சினே போய்விடும். ஒரு பில்டரைக் கையில் எடுத்து அதன் முகத்தைப் பாருங்கள். ஓரத்தில் வட்டமாகச் சிறு துளைகளும் நடுவில் மரையுள்ள பெரிய துளையும் இருக்கும். அழுக்கு எண்ணெய் ஓரத் துளைகளின் வழியே நுழைந்து, பில்டருக்குள் இருக்கும் மடிப்புத் தாளின் ஊடாக உள்நோக்கி வடிந்து, நடுத்துளையின் வழியே வெளியேறுகிறது. எஞ்சின் நின்றபின் பில்டர் வற்றிவிடாமல் இருக்க, பெரும்பாலான பில்டர்களில் ஓரத் துளைகளுக்கு உட்புறம் ஒரு ரப்பர் மடல் அவற்றை மூடிக்கொள்கிறது. ஹோஸ்களை மாற்றி மாட்டினால் எண்ணெய் நடுத்துளை வழியே நுழைந்து, வெளியேற வழியின்றி அந்த மடலில் முட்டி நின்றுவிடும். தாள் அடைத்துக்கொண்டால் எண்ணெயை வடிக்காமலே கடத்திவிட்டு உதவ வேண்டிய பைபாஸ் வால்வும் எதிர்த்திசையில் திறக்காது. பம்ப் தள்ளும் எண்ணெய் அழுத்தத் தணிப்பு வால்வின் வழியே எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பிற்கே திரும்ப, கிராங்க் பேரிங்குகள் காய்ந்துபோகும். ஆயில் கேஜின் இணைப்பு பம்பிற்கும் பில்டருக்கும் இடையில் இருந்தால் முள் நல்ல அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும் என்பது இதிலுள்ள பெரிய ஆபத்து.

எனவே திசையை விட்டுவிட்டு எண்ணெயின் நிலையைக் கொண்டு பெயரிடுவோம்: கலங்கல் குழாய், தெளிவுக் குழாய். எஞ்சின் பக்கம் நின்று பார்த்தாலும் பீடத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் கலங்கல் கலங்கல்தான், தெளிவு தெளிவுதான். நம் பக்கத்தில் ஏரி நிரம்பி வழியும் இடத்திற்கும் கலங்கல் என்ற பெயர் உண்டு; பானட்டுக்குள் குனிந்து நிற்பவருக்கு அந்தக் குழப்பம் வராது. தெளிவுக் குழாயின் இரு முனைகளிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டுவிடச் சொல்கிறேன். சொல்லும் அடையாளமும் ஒன்றையொன்று தாங்கும்.

பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி ஏற்றும் வண்டிகள், கிரானைட் குவாரிப் புழுதியில் ஓடும் வண்டிகள் ஆகியவற்றின் உரிமையாளர்களே இந்த அமைப்பைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். பில்டரைக் கழற்றும்போது பழைய எண்ணெய் கீழேயுள்ள ஒயர்களின்மேல் வழிவதும், கை நுழையாத இடத்தில் பெல்ட் ஸ்பேனரோடு போராடுவதும் நிற்கும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. அவர்களுக்காகக் கையேட்டில் சேர்த்துள்ள எச்சரிக்கைகளையும் இங்கே வைக்கிறேன், ஏனெனில் சொற்களைப் பயன்படுத்திப் பார்த்தால்தான் அவை பொருந்துகின்றனவா என்று தெரியும்:

“இரு குழாய்களும் சூடான மசகெண்ணெயையும் அதன் அழுத்தத்தையும் தாங்கும் வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், ரேடியேட்டர் ஹோஸைப் பயன்படுத்தக் கூடாது. எஞ்சின் அசையும்போது இழுபடாதவாறு குழாய்களுக்குச் சிறிது தளர்வு விடவும். தனிப்பீடத்தைச் சைலன்சருக்கு அருகிலோ சக்கரம் கல் எறியும் இடத்திலோ பொருத்தக் கூடாது. புது வடிகட்டியில் முதலில் மசகெண்ணெயை நிரப்பி, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் முடுக்கவும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதவாறு செய்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றவும். பிறகு ஸ்டார்ட் செய்து, கசிவு பார்த்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து எண்ணெய் அளவுகோலை (டிப்ஸ்டிக்) பார்க்கவும். உள்விட்டம் 12 மி.மீ. உள்ள குழாய்கள் இரண்டும் சேர்ந்து 2 மீட்டர் நீளம் என்றால், அவை மட்டுமே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும்; அந்த அளவை ஈடுசெய்ய வேண்டும்.”

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. பாடநூல்களுக்கான சொற்கள் ஓரளவு சேர்ந்துவிட்டன. பட்டறை மேசையில் உருளும் துண்டுகளுக்கான சொற்கள்தாம் இன்னும் வேண்டியிருக்கின்றன.

பைபாஸ் வால்வுக்கு ‘கடவு அடைப்பிதழ்’, ‘மாற்றுவழி வால்வு’ என்னும் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது வாயில் நுழையவில்லை; இரண்டாவது வழிமாற்றித் தட்டோடு குழம்புகிறது. ஆகவே இப்போதைக்கு பைபாஸ் வால்வு என்றே விட்டிருக்கிறேன். கலங்கல் குழாய், தெளிவுக் குழாய் என்னும் இணைக்கு எஞ்சின் வேலை அறிந்த உறுப்பினர்கள் மறுப்பு ஏதும் இருந்தால் எழுதுங்கள். அதன்பிறகே கையேட்டை அச்சுக்குக் கொடுப்பேன்.